கப்பலா, கல்லூரியா? கப்பல் அணி உரை

நடுவர் அவர்களுக்கும் சபைக்கும் வணக்கம். மணி அடிச்சிடுவீங்க, நேரா வந்துடுறேன். மொழிக்கும் மொழிக்கும் உறவு இருக்குன்னு கண்டுபிடிக்க வச்சது கப்பலா கல்லூரியா, இதான் தலைப்பு. எதிரணி அண்ணன் போற போக்குல ஒரு குத்து விட்டாரு பாருங்க, "மிளகு வியாபாரிக்கு மூட்டை எண்ணத்தான் தெரியும், மொழி என்ன தெரியும்"னு. நீங்களும் கைதட்டினீங்க!

அண்ணே, எண்ணத் தெரிஞ்சதாலதாண்ணே கண்டுபிடிச்சாரு!

பிலிப்போ சாசெத்தி. புளோரன்ஸ்காரர், மிளகு யாவாரத்துக்காக 1583ல கொச்சியில வந்து இறங்குறாரு. இங்க சமஸ்கிருதத்துல எண்றது காதுல விழுது. ஷட்ங்கிறாங்க, அவர் ஊர்ல சேய். சப்தங்கிறாங்க, அவர் ஊர்ல செத்தே. யாரும் பதறாதீங்க, செத்தேன்னா ஏழு! அஷ்டன்னா ஒட்டோ, நவன்னா நோவே. மனுஷன் தராசைக் கீழ வச்சிருப்பாரு! தராசு மட்டும் என் சரக்கு நடுவர் அவர்களே, ஆறு ஏழு எட்டு ஒன்பது நம்ம பேச்சு மாதிரியே இருக்கு, கடவுளுக்கும் பாம்புக்கும்கூட அப்படித்தான்னு 1585ல அவரே ஊருக்குக் கடுதாசி போட்டிருக்காரு.

சேய்னா தமிழ்ல பிள்ளை, அதுக்காக இத்தாலிக்காரன் நம்ம பங்காளி ஆயிடுவானா? ஒத்தை வார்த்தை ஒத்துப்போனா அது தற்செயல், வரிசையா நாலு எண்ணு ஒத்துப்போனா? அதைப் புடிக்க மூட்டை எண்ற காது வேணும்ணே!

1786ல கல்கத்தாவுல வில்லியம் ஜோன்ஸ் சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் மூணுக்கும் ஒரே ஊற்றா இருக்கணும்னு சொன்னாரே, அது அறிஞர் சபைதானேன்னு துள்ளினீங்க. அவர் கோர்ட் ஜட்ஜு! வேலைக்கு வந்தவரு, அதுவும் எதுல வந்தாரு? நீந்தியா வந்தாரு?

சரி, வாதத்தை விடுங்க. அந்தக் கடுதாசியில இன்னொரு வரி இருக்கு. பதினெட்டு வயசுலயே இங்க வந்திருக்கணும், இந்த அழகையெல்லாம் கொஞ்சமாவது கத்துக்கிட்டு ஊர் திரும்பியிருக்கலாம்னு. எழுதும்போது வயசு நாப்பதைத் தாண்டிடுச்சு. கடலுக்கு இந்தப் பக்கம், யாரோ எண்ற குரல்ல தன் வீட்டுப் பேச்சு கேக்குது, அதைப் படிக்க நேரமில்ல, மூட்டை காத்துக்கிட்டு இருக்கு. 1588ல கோவாவுலயே கண்ணை மூடிட்டாரு. கடுதாசிங்க ஊர் போய்ச் சேந்துச்சு நடுவர் அவர்களே, அவர் போகல.