ஏடி 1 இருந்தும் ஸ்டாட்டிக் ரூட் ஏன் தோற்கிறது?

சரி, அடுத்த கேள்விக்கு வருவோம். ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "சிஸ்கோ ரௌட்டரில் 10.1.0.0/16-க்கு ஸ்டாட்டிக் ரூட் போட்டிருக்கிறேன். ஸ்டாட்டிக்கின் அட்மினிஸ்ட்ரேட்டிவ் டிஸ்டன்ஸ் (ஏடி) 1, ஓஎஸ்பிஎஃப்புக்கு 110. எண் குறைந்ததுதான் ஜெயிக்கும் என்றீர்கள். ஆனால் 10.1.5.20-க்குப் போகும் பாக்கெட் ஓஎஸ்பிஎஃப் சொன்ன வழியில்தான் போகிறது. ஏன்?"

தப்பு என் மேல்தான். அன்றைக்குப் பாதிக் கதையோடு நிறுத்திவிட்டேன். புதிதாகக் கேட்பவர்களுக்கு: ஸ்டாட்டிக் ரூட் என்பது நாமே கையால் எழுதிவைக்கிற வழி. ஓஎஸ்பிஎஃப் என்பது ரௌட்டர்கள் தங்களுக்குள் பேசி வழி கண்டுபிடிக்கிற முறை. ஏடி என்பது வழி சொன்னவரை எவ்வளவு நம்பலாம் என்கிற எண், குறைந்தால் நம்பிக்கை அதிகம்.

நீங்கள் அனுப்பிய ரூட்டிங் டேபிளில், அதாவது ரௌட்டரின் வழிப் பட்டியலில், இந்த இரண்டு வரிகளைப் பாருங்கள் (எஸ் என்றால் ஸ்டாட்டிக், ஓ என்றால் ஓஎஸ்பிஎஃப், அடைப்புக்குள் முதல் எண் ஏடி):

எஸ் 10.1.0.0/16 [1/0]
ஓ 10.1.5.0/24 [110/20]

ஒன்று /16, இன்னொன்று /24. நம் கண்ணுக்கு இரண்டும் ஒரே இடத்துக்குப் போகிற வழிகளாகத் தெரிகின்றன. ரௌட்டருக்கு அப்படி இல்லை. சாய்கோட்டுக்குப் பின்னால் இருக்கிற எண்தான் பிரிஃபிக்ஸ் நீளம், முகவரியின் முதல் எத்தனை பிட் நெட்வொர்க்கைக் குறிக்கிறது என்பது. அது மாறினாலே வேறு நெட்வொர்க். ஏடி என்பது டேபிளின் வாசலில் நடக்கிற போட்டி. ஒரே நெட்வொர்க்குக்கு, ஒரே நீளத்தில், இரண்டு பேர் வழி சொன்னால் யாரை உள்ளே விடுவது என்பதற்கு மட்டும்தான் அது. உங்கள் இரண்டு வரிகளும் மோதிக்கொள்ளவே இல்லை. அதனால்தான் இரண்டுமே உள்ளே உட்கார்ந்திருக்கின்றன.

அப்புறம் பாக்கெட் வருகிறது. அந்த நேரத்தில் ரௌட்டர் 1, 110 எதையும் பார்ப்பதில்லை. பாக்கெட் போகவேண்டிய முகவரியை இடமிருந்து பிட் பிட்டாக ஒப்பிடுகிறது. 10.1.5.20-இன் முதல் 16 பிட் உங்கள் ஸ்டாட்டிக்கோடு பொருந்துகிறது. ஓஎஸ்பிஎஃப் வரியோடு 24 பிட் பொருந்துகிறது. அதிகப் பிட் பொருந்துகிற வரிதான் எடுபடும், அவ்வளவுதான். இதுவே 10.1.9.20-க்கு ஒரு பாக்கெட் அனுப்பிப் பாருங்கள். மூன்றாவது எண் 5 இல்லை, /24 பொருந்தாது, அது சமர்த்தாக ஸ்டாட்டிக் வழியில் போய்விடும். வேறு வழி எதுவும் இல்லாதபோது எடுக்கிற டீஃபால்ட் ரூட்டான 0.0.0.0/0 எப்போதும் கடைசியில் நிற்பதும் இதனால்தான். அதில் பொருந்த வேண்டிய பிட்டே கிடையாது, ஆகவே எல்லா முகவரியும் பொருந்தும், வேறு எது பொருந்தினாலும் டீஃபால்ட் தோற்கும்.

அந்த 20 என்ன என்று அடுத்துக் கேட்பீர்கள். அது மெட்ரிக், ஓஎஸ்பிஎஃப் தனக்குள்ளேயே வழிகளை ஒப்பிடுகிற கணக்கு. 100 எம்பிபிஎஸ்-ஐ லிங்கின் வேகத்தால் வகுக்கிறது. உங்கள் லேபில் இருப்பது 10 எம்பிபிஎஸ் ஈதர்நெட், ஆக ஒரு லிங்குக்கு 10, இரண்டுக்கு 20. இந்தக் கணக்கில் 1 ஜிபிபிஎஸ் லிங்குக்கும் 1-தான் வரும், 100 எம்பிபிஎஸ்-க்கும் 1-தான். அந்த 100-ஐ மாற்றி வைக்காத நெட்வொர்க்குகளைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான் வரும். அதைத் தனியாகப் பேசுவோம்.

நீளமான பிரிஃபிக்ஸ் எவ்வளவு முரட்டுத்தனமாக ஜெயிக்கும் என்பதற்கு 2008 பிப்ரவரி 24-ஐச் சொல்வேன். யூடியூப் 208.65.152.0/22 என்று உலகத்துக்கு அறிவித்திருந்தது. பாகிஸ்தான் டெலிகாம் தன் நாட்டுக்குள் யூடியூபை முடக்க நினைத்து 208.65.153.0/24 என்று ஒரு வழியைப் போட்டது. இணையத்தின் பெரிய நெட்வொர்க்குகள் ஒன்றுக்கொன்று வழி சொல்லிக்கொள்கிற முறையான பிஜிபி வழியாக அது வெளியே கசிந்துவிட்டது. /24 என்பது /22-ஐவிட நீளம். உலகம் முழுக்க ரௌட்டர்கள் யூடியூபுக்கான பாக்கெட்டுகளைப் பாகிஸ்தானுக்குத் திருப்பிவிட்டன. ஏறக்குறைய இரண்டு மணி நேரம் இந்தக் கூத்து. யூடியூபும் அதே /24-ஐ அறிவித்தது. இப்போது நீளம் சமம், ஆகவே பிஜிபி தன் மற்ற விதிகளைப் பார்த்தது. யாருக்குப் பாகிஸ்தான் வழி வசதியோ அவர்கள் இன்னும் அங்கேயே போனார்கள். அப்புறம் யூடியூப் அதை இரண்டு /25-ஆக உடைத்து அறிவித்தது. அவை சென்று சேர்ந்த இடங்களில் பாக்கெட்டுகள் யூடியூபுக்கே திரும்பின.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பாக்கெட் ஸ்டாட்டிக் வழியில்தான் போகவேண்டும் என்றால் 10.1.5.0/24-க்கே ஒரு ஸ்டாட்டிக் போடுங்கள். இப்போது நீளம் ஒன்று, வாசலில் நிஜமாகவே போட்டி, 1 உள்ளே வரும், 110 வெளியே போகும். ஆனால் ஒன்று: பக்கத்து ரௌட்டருக்கு அப்பால் ஏதாவது லிங்க் அறுந்தால் ஓஎஸ்பிஎஃப்புக்குத் தெரியும், உங்கள் ஸ்டாட்டிக்குக்குத் தெரியாது. அது பாட்டுக்குப் பாக்கெட்டை அனுப்பிக்கொண்டே இருக்கும். நானாக இருந்தால் ஓஎஸ்பிஎஃப்பையே விட்டுவைப்பேன்.

இனிமேல் சந்தேகம் வந்தால் முழு டேபிளையும் அலசாதீர்கள். 'ஷோ ஐபி ரூட்' என்று அடித்து, பக்கத்தில் 10.1.5.20 என்று முகவரியையும் கொடுங்கள். எந்த வரி எடுபடுகிறதோ அதை மட்டும் ரௌட்டரே காட்டிவிடும்.