வட்ட ரயிலில் ஒரு இயற்பியல் பாடம்

(திரையில்: ரங்கூன் மத்திய நிலையம். வட்ட ரயில் கிளம்புகிறது.)

வணக்கம். இந்த ரயிலில் ஒரு சுற்று முழுக்க உட்கார்ந்து வந்தவர்களுக்குத் தெரியும், பொழுது எப்படி நகரும் என்று. இன்செயின், டன்யிங்கோன் காய்கறிச் சந்தை, மிங்கலாடோன் என்று ஊரைச் சுற்றிவிட்டு, ஏறிய இடத்திலேயே நம்மை இறக்கிவிடும். சுற்றின் நீளம் 45.9 கிலோமீட்டர். மூன்று மணி நேரம் ஆனது என்று வைத்துக்கொள்வோம்.

45.9-ஐ 3-ஆல் வகுத்தால் மணிக்கு 15.3 கிலோமீட்டர். அதாவது வினாடிக்கு 4.25 மீட்டர். வழியில் நின்ற நேரமும் சேர்ந்த கணக்கு இது, சைக்கிள்காரரே ஈடுகொடுத்துவிடுவார். இது சராசரி வேகம்.

சரி, சராசரி திசைவேகம்? பூஜ்யம்.

இந்த இடத்தில்தான் பிள்ளைகள் சண்டைக்கு வருவார்கள். "மூணு மணி நேரம் ஓடிச்சே சார்!" ஓடியது உண்மைதான். எவ்வளவு தொலைவு ஓடியது என்று பார்ப்பது வேகம். திசைவேகத்துக்கு அந்தக் கவலை இல்லை. கிளம்பிய இடத்திலிருந்து எந்தப் பக்கம், எவ்வளவு தள்ளி இருக்கிறாய் என்பதுதான் அதற்கு வேண்டும். அதன் பெயர் இடப்பெயர்ச்சி. ஏறிய பிளாட்பாரத்திலேயே இறங்கினால் இடப்பெயர்ச்சி 0. அதை எத்தனை மணியால் வகுத்தாலும் 0-தான்.

(திரையில்: எதிரெதிரே இரண்டு ரயில்கள்.)

இரண்டும் வினாடிக்கு 6 மீட்டர் போகின்றன. வேகம் ஒன்றே. திசைவேகம் ஒன்றுக்கு +6, மற்றதற்கு −6.

அப்புறம் முடுக்கம். முடுக்குவது என்றால் விரட்டுவது அல்லவா? அதனால் வேகம் கூடினால்தான் முடுக்கம் என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். பாவம், சொல் செய்த வேலை! திசைவேகம் எந்த வகையில் மாறினாலும் முடுக்கம் உண்டு. நின்ற ரயில் 20 வினாடியில் 6-ஐத் தொட்டால், 6-ஐ 20-ஆல் வகுத்து 0.3. ஒவ்வொரு வினாடியும் திசைவேகம் 0.3 கூடுகிறது என்று பொருள், அலகு மீட்டர்/வினாடி². பிரேக் போட்டு 15 வினாடியில் நின்றால் −0.4. நேர்த் தண்டவாளத்தில் 6-லேயே சீராகப் போனால் முடுக்கம் 0.

(திரையில்: வளைவில் திரும்பும் ரயில்.)

இப்போது வளைவு. வேகம் அதே 6. ஆனால் திசை கணத்துக்குக் கணம் மாறுகிறது. திசை மாறினால் திசைவேகமும் மாறிவிட்டது. ஆக, முடுக்கம் இருக்கிறது, வளைவின் உட்பக்கம் நோக்கி. ஓட்டுநர் வழியெல்லாம் 6-லிருந்து அசையாமல் ஓட்டினாலும் சரி, முடுக்கம் இல்லாமல் இந்த ரயில் உங்களை ஏறிய பிளாட்பாரத்துக்குத் திரும்பக் கொண்டுவர முடியாது.