ஒன்றரை டன் எண்ணெய், மூன்று சாமி, ஒரே கல்

வணக்கம் மக்களே. கல்லைப் பற்றிப் பேசத்தான் வந்தேன், ஆனால் முதலில் ஆட்டோ. கோட்டை ரயில் நிலையத்திலிருந்து கொழும்பு தேசிய அருங்காட்சியகத்துக்கு 900 ரூபாய் கேட்டார். இலங்கை ரூபாய்தான், அதற்காக 900-ஆ? மாட்டுத்தாவணியில் பத்து ரூபாய்க்கு நான் மல்லுக்கு நின்ற வீடியோவைப் பார்த்தவர்களுக்கு அடுத்து என்ன நடந்திருக்கும் என்று தெரியும். பேசிப் பேசி 600-க்கு இறக்கிவிட்டேன். வெற்றி! இறங்கிப் பார்த்தால் என்னிடம் 700 இருக்கிறது, அவரிடம் சில்லறை இல்லை. நூறு ரூபாய் போச்சு. இன்னும் வயிறு எரிகிறது.

சரி, கல். காலி மும்மொழிக் கல்வெட்டு. காலி என்பது இலங்கையின் தென்கரையில் ஒரு துறைமுக ஊர், கல் இப்போது இந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மேலே இரண்டு டிராகன்கள், வலப்பக்கம் சீனம், இடப்பக்கம் மேலே தமிழ், அதற்குக் கீழே பாரசீகம். சீனக் கடற்படைத் தளபதி ஜங் ஹே மூன்றாவது பயணத்தில் கொண்டுவந்தது. போன வீடியோவுக்குக் கீழே பாதிப் பேர் "ஒரே செய்தியை மூன்று மொழியில் எழுதியிருக்கிறார்கள்" என்று எழுதியிருந்தீர்கள். அது இல்லை மக்களே! அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

சீனத்தில் காணிக்கை புத்தருக்கு. தமிழில் தெனவரை நாயனாருக்கு, அதாவது தென்கோடியில் இருந்த திருமாலுக்கு. பாரசீகத்தில் இஸ்லாத்துக்கு. சாமி மாறுகிறது, பட்டியல் கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது. தங்கம் 1000, வெள்ளி 5000, பட்டு 100 சுருள். பாரசீகப் பகுதி ரொம்பத் தேய்ந்துவிட்டது, ஆனால் மிஞ்சியிருப்பதிலும் அதே மாதிரி காணிக்கைதான். யாருக்கும் கூட இல்லை, குறைய இல்லை. கல்யாண வீட்டில் இரண்டு சம்பந்திக்கும் ஒரே விலையில் வேட்டி எடுக்கிற சாமர்த்தியம்!

என்னை அசத்தியது எண்ணெய். வாசனை எண்ணெய் 2500 ஜின். ஒரு ஜின் சுமார் 600 கிராம், ஆக ஒன்றரை டன். நம் ஊர் 15 கிலோ டின்னில் நூறு டின்! அத்தனையையும் அலை அடிக்கிற கப்பலில், ஒழுகாமல், பட்டுச் சுருள் மேல் கொட்டாமல். நான் ஒரு பாட்டில் நல்லெண்ணெயை ரயிலில் கொண்டுபோய்ப் பையெல்லாம் நாறடித்தவள். எனக்கு அந்தக் கப்பல்காரர்கள் மேல்தான் மரியாதை.

ஐயோ, ஆண்டு சொல்லவே இல்லையே. 1409 பிப்ரவரி 15. சீனாவின் யொங்லே பேரரசர் ஆட்சியின் ஏழாம் ஆண்டு. கல் வெட்டியது இங்கே இல்லை, நான்ஜிங்கில். சீனாவில் தமிழ் வெட்ட ஆள் ஏது என்று கேட்பீர்கள். குவான்ஜோ துறைமுகத்தில் 1281-லேயே சிவன் கோயிலுக்குத் தமிழ்க் கல்வெட்டு இருந்ததே, அந்த வீடியோவைப் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள். இலங்கையில் நடுவதற்கான கல், ஆனால் சிங்களம் கிடையாது. துறைமுகத்து வியாபாரிகளை மனதில் வைத்துச் செய்தார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தமிழும் பாரசீகமும் அந்தக் கடலில் ஓடிய மொழிகள்.

ஜங் ஹேயை ரொம்பச் சாதுவாக நினைத்துக்கொள்ள வேண்டாம். அதே பயணத்தில்தான் உள்ளூர் ஆட்சியாளர் அழகேஸ்வரனோடு சண்டை போட்டு, அவரைச் சிறைபிடித்துச் சீனாவுக்குக் கொண்டுபோனார்கள்.

அப்புறம் இன்னொன்று விட்டுப்போச்சு. இந்தக் கல் கிடைத்தது 1911-இல், காலியில், ஒரு மதகின் மேல் மூடியாக! ஒன்றரை டன் எண்ணெய்க் கணக்கின் மேல் எத்தனை மாட்டு வண்டி போயிருக்கும்?

நாளைக்குத் தெவிநுவர போகிறேன், அந்த நாயனார் இருந்த ஊர். 1344-இல் மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா அங்கே ஆள் உயரப் பொன் சிலையைப் பார்த்தார், கண்களில் பெரிய மாணிக்கம், இரவில் விளக்கு மாதிரி மின்னும் என்று எழுதினார். 1588-இல் போர்த்துகீசியர் கோயிலை இடித்துவிட்டார்கள். பஸ்ஸில்தான் போகிறேன், ஆட்டோ கிடையாது. கையில் சில்லறையும் மாற்றி வைத்துவிட்டேன்.