கடலடிப் பசால்ட் எங்கிருந்து வந்தது?

நேயர்களுக்கு வணக்கம். பசால்ட் என்பது எரிமலைக்குழம்பு உறைந்த பாறை. கடல் நடுமுகடு எனப்படும் கடலடி மலைத்தொடரிலிருந்து எடுத்த பசால்ட்டும், இந்தியப் பெருங்கடலின் ரீயூனியன் எரிமலைத் தீவின் பசால்ட்டும் பார்வைக்கு ஒரே கறுப்புதான். இரண்டிலும் சிலிக்கா 50 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். எது புவி மேலோட்டுக்குக் கீழுள்ள கவசத்தில் எந்த ஆழத்தில் உருகியது என்பதை, மிகச் சிறிய அளவில் இருக்கும் நுண்தனிமங்களிலும், ஒரே தனிமத்தின் எடை வேறான அணுக்களாகிய ஐசோடோப்புகளிலும்தான் தேட வேண்டும். பாறை உருகினாலும் உறைந்தாலும் தனிமங்களின் அளவு மாறும். ஸ்ட்ரான்சியம், ஈயம் ஆகியவற்றின் ஐசோடோப்பு விகிதம் அப்படியே நிற்கும். அதனால்தான் அவற்றை இவ்வளவு நம்புகிறோம்.

நம்புவதற்கு முன் கடல் ஏற்றிவிட்டதைக் கழிக்க வேண்டும். நீரில் ஊறிய பாறையில் பொட்டாசியம், ருபிடியம், சீசியம், யுரேனியம் எல்லாம் கூடிவிடும். நடுமுகட்டுப் பசால்ட்டில் ஸ்ட்ரான்சியம் 87/86 விகிதம் 0.7025 அளவில் இருக்கும், கடல்நீரில் 0.7092. கடல்நீர்க் கலப்பால் அது தீவுப் பசால்ட்டுக்குரிய 0.704க்கு ஏறிவிட்டால், நடுமுகட்டுப் பாறையைத் தீவுப் பாறை என்று எழுதிவிடுவோம்.

நல்ல மாதிரி, எரிமலைக்குழம்பு நீரில் பட்டுச் சட்டென உறைந்த விளிம்புக் கண்ணாடி. அரை முதல் ஒரு மில்லிமீட்டர் சில்லுகளாக உடைத்து, பழுப்பேறாதவற்றை மட்டும் நுண்ணோக்கியில் பார்த்துப் பொறுக்குங்கள். கண்ணாடி கிடைக்காவிட்டால் பாறையின் உட்பகுதியை வெட்டி, ரம்பம் பட்ட முகத்தைத் தேய்த்து நீக்கி, அகேட் உரலில் அரையுங்கள். டங்ஸ்டன் கார்பைடு உரல் வேகமானது. ஆனால் டாண்டலத்தையும் கோபால்ட்டையும் பொடியில் சேர்த்துவிடும். ஐசோடோப்புக்கான பங்கை 6 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சூடாக்கிக் கழுவலாம். நுண்தனிமங்களை அளக்கும் பங்கை அப்படிக் கழுவவே கூடாது, அளக்க வேண்டியதே கரைந்துபோகும். அந்தப் பங்கை ஹைட்ரோஃபுளோரிக், நைட்ரிக் அமிலங்களில் கரைக்கும்போது ஃபுளோரைடு வண்டல் மிஞ்சினால், லாந்தனம், இட்டெர்பியம் போன்ற அருமண் தனிமங்கள் அதில் சிக்கி அளவு குறைவாக வரும். அளவு தெரிந்த ஹவாய் பசால்ட் பொடியான பிஎச்விஓ-2ஐக் கூடவே ஓட்டினால் இந்தப் பிழை பிடிபடும்.

நியோபியம், சிர்கோனியம், தோரியம் மூன்றும் கடல்நீருக்கு எளிதில் அசையாதவை. பழைய பாறைக்கு இவையே துணை. இட்டெர்பியம் குறைந்திருந்தால், அதைத் தன்னுள் பிடித்துவைக்கும் கார்னெட் என்ற கனிமம் நிலைக்கும் ஆழத்தில் உருகியது என்று ஊகிக்கலாம்.

இந்த முறையின் வலிமையை ஆஸ்திரேலியாவுக்கும் அண்டார்க்டிகாவுக்கும் இடையிலான முகட்டில் காணலாம். அங்கே மேற்கே கிடைப்பது இந்தியப் பெருங்கடல் வகைப் பசால்ட். கிழக்கே பசிபிக் வகை. ஈயம் 206/204 விகிதம் ஒன்றாக இருக்கும்போதும், இந்திய வகையில் 208/204 கூடுதலாக நிற்கிறது. சில பத்து கிலோமீட்டருக்குள் ஒரு வகை முடிந்து மற்றது தொடங்குகிறது. பாறையில் மாங்கனீசுப் படிவம் ஒட்டியிருந்தால் மட்டும் முதலில் அதைச் சுரண்டிவிடுங்கள். அதில் கடல்நீர் சேர்த்த ஈயம் நிறைய இருக்கும், இந்த எல்லையையே மறைத்துவிடும்.