ஒன்பதை எண்ண இரண்டு வழி

நேயர்களுக்கு வணக்கம்.

ஜாஸ் என்பது வாசிக்கும்போதே கற்பனை செய்து வளர்க்கிற அமெரிக்க இசை. அதையும் அயர்லாந்து, மத்தியதரைக் கடல் பக்கத்து நாட்டார் இசையையும் கலப்பது பற்றித்தான் இன்றைய பேச்சு. தொடங்கும் முன் இந்த மேசையில் கொஞ்சம் தட்டிக் காட்டுகிறேன். தகிட தகிட தகிட. ஒன்பது. அயர்லாந்தில் ‘ஸ்லிப் ஜிக்’ என்று ஓர் ஆட்ட மெட்டு உண்டு, அதன் நடை இதுதான். மூன்று மூன்றாக உருண்டு வரும். இப்போது இன்னொன்று: தக தக தக தகிட. இதுவும் ஒன்பதுதான். ஆனால் கடைசியில் சின்னதாக ஒரு நொண்டல், கவனித்தீர்களா? துருக்கியில் ‘கர்ஷிலமா’ ஆடுபவர்களின் கால் இந்தக் கணக்கில் போகும். பக்கத்துக் கிரேக்கத்திலும் அதே ஆட்டம் உண்டு.

1958-இல் அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் டேவ் புரூபெக், அவருடைய அரசு ஏற்பாடு செய்த சுற்றுப்பயணத்தில் இஸ்தான்புல் போனார். தெருவில் வாசித்துக்கொண்டிருந்தவர்களிடம் இந்த நொண்டல் ஒன்பதைக் கேட்டுத் திகைத்துவிட்டார். அங்கே வானொலியில் வாசிக்கும் கலைஞர்களிடம் விசாரித்தபோது, உங்களுக்கு புளூஸ் எப்படியோ எங்களுக்கு இது அப்படி என்றார்களாம். புளூஸ் என்பது ஜாஸுக்கு வேராக இருக்கிற, கறுப்பின அமெரிக்கர்களின் பாட்டு மரபு. மறு வருடம் பதிவான அவருடைய ‘புளூ ரொண்டோ அ லா டர்க்’ அங்கிருந்து வந்ததுதான். அதில் ஒரு குறும்பு இருக்கிறது. மூன்று சுற்று தக தக தக தகிட. நான்காவது சுற்று மட்டும் தகிட தகிட தகிட. புரூபெக் அயர்லாந்தை மனதில் வைத்து இதைச் செய்யவில்லை. ஆனாலும் இரண்டு கடலோரத்துக் கணக்கும் ஒரே வரியில் வந்து உட்கார்ந்துவிட்டன.

ஆனால் ஒன்று. சாக்ஸபோனும் பியானோவும் தனியாகக் கற்பனை செய்து வாசிக்கிற இடம் வந்ததும் ஒன்பது காணாமல் போய்விடும். சாதாரண நான்கில், பழகின புளூஸில் வாசிக்கிறார்கள். விருந்தாளி வீட்டில் மரியாதையாக இருந்துவிட்டு, சொந்த வீட்டுக்கு வந்துதான் காலை நீட்டுகிறார்கள். குறையாகச் சொல்லவில்லை. ஜாஸையும் நாட்டார் இசையையும் கலக்கும்போது முட்டுகிற இடமே இதுதான்.

அயர்லாந்தில் சிக்கல் வேறு மாதிரி. அங்கே ‘ரீல்’ என்கிற மெட்டு பெரும்பாலும் இரண்டு பாகம், பாகத்துக்கு எட்டு தாள அளவு. ஒவ்வொன்றையும் இருமுறை வாசித்தால் 32. பழைய ஜாஸ் பாடல்கள் பலவற்றின் ஒரு சுற்றும் இதே 32 அளவுதான். நீளம் ஒன்று, பழக்கம் நேர் எதிர். ஜாஸில் மெட்டை ஒருமுறை வாசித்துக் காட்டிவிட்டு, அதன் அடியில் ஓடும் கார்டுகளை, அதாவது சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டங்களை, மட்டும் பிடித்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அயர்லாந்தின் பப்பில் பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்தால் பத்துப் பேரும் ஒரே மெட்டைச் சேர்ந்தே வாசிப்பார்கள். தனி ஆவர்த்தனமெல்லாம் கிடையாது. ஒரு ஸ்வரத்தைச் சுற்றி இங்கே ஒரு சுழற்று, அங்கே ஒரு வெட்டு. அடுத்த சுற்றில் அதுவே வேறு இடத்தில். அவர்களுடைய மனோதர்மம் அவ்வளவு சின்ன இடத்துக்குள் நடக்கிறது. அந்த மெட்டின் தலையில் ஏறி சாக்ஸபோன் பத்து நிமிடம் வாசித்தால் மெட்டு செத்துப்போகும். அப்படிப்பட்ட கலவைகளை நிறையக் கேட்டிருக்கிறேன், ரசித்ததில்லை.

ரசித்தது 1981-இல் தொடங்கிய ‘மூவிங் ஹார்ட்ஸ்’ என்கிற ஐரிஷ் குழுவை. டிரம்ஸ், பாஸ், சாக்ஸபோன், கூடவே இல்லன் பைப்ஸ். வாயால் ஊதாமல் முழங்கைக்கு அடியில் ஒரு துருத்தியை அமுக்கி வாசிக்கிற ஐரிஷ் பை வாத்தியம் அது. பாடலே இல்லாத அவர்களுடைய 1985 தொகுப்பைக் கேட்டுப் பாருங்கள். சாக்ஸபோன் பைப்ஸோடு தோளோடு தோளாக மெட்டிலேயே நடக்கிறது. ஜாஸ் இருப்பது கீழே, தாளத்திலும் பாஸிலும். என் காதுக்கு அதுதான் சரியான இடம்.

அந்தக் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர் டோனல் லன்னி. அவர் கையில் இருந்தது பூசூக்கி, கிரேக்கத் தந்தி வாத்தியம்! 1960-களில் ஜானி மொய்னிஹன் என்ற ஐரிஷ் கலைஞர் அதை அயர்லாந்து இசைக்குள் கொண்டுவந்தார். பானை வயிறு மாதிரி உருண்டிருந்த அதன் முதுகு அங்கே போய்த் தட்டையானது, சுருதி சேர்க்கிற முறையும் மாறியது. இன்று அது இல்லாத ஐரிஷ் கச்சேரியைத் தேடத்தான் வேண்டும்.

கிரேக்கத்திலோ அதே பூசூக்கியில், பாட்டுக்கு முன் தாளமில்லாமல் ‘தக்சிமி’ என்று ஒன்று வாசிப்பார்கள். நம் ஆலாபனைக்குச் சித்தப்பா பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊத் என்கிற அரபுத் தந்தி வாத்தியத்தில் அதுவே ‘தக்சிம்’. மத்தியதரைக் கடல் பக்கத்தில் ஜாஸ் அவ்வளவாக முரண்டு பிடிக்காததற்கு இதுவும் ஒரு காரணம் என்பேன்: தனியாக அலைந்துவிட்டு வர அங்கே ஏற்கெனவே அனுமதி இருக்கிறது. லெபனானில் பிறந்த ஊத் கலைஞர் ரபி அபு கலீலின் 1992 தொகுப்பு ஒன்றில் டிரம்பெட்டும் சாக்ஸபோனும் ஊத்தோடு வெகு சகஜமாகப் பேசிக்கொள்கின்றன. அதில் தாளம் வாசிக்கும் ரமேஷ் ஷோதம் சென்னையில் பிறந்தவர்.

சரி, நேரமாகிவிட்டது. அடுத்து புளூ ரொண்டோவை ஒலிபரப்பப் போகிறார்கள். விரலை மேசைமேல் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று சுற்று ஒழுங்காகப் போகும், நான்காவதில் தவறும். எனக்கும் முதலில் தவறியது.