காதால் பார்த்த படங்கள்

(மட்டக்களப்பு, கல்லடியில் ஒரு மாலை, பாலு மகேந்திரா இயக்கிய 'வீடு' படம் திரையிடுவதற்கு முன் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, கதிரை கிடைக்காமல் பின்னால் நிற்கிற தம்பிமாரே, எல்லோருக்கும் வணக்கம்.

பிடித்த பழைய படங்களைப் பற்றி இருபது நிமிடம் பேசச் சொன்னார்கள். தருமி ஒருவனுக்கே அது காணாது. பரவாயில்லை, முடிந்தவரை பேசுகிறேன்.

'பராசக்தி' 1952 இல் வந்த படம். நான் பிறக்குமுன் வந்தது. அதை நான் கண்ணால் பார்க்கும்போது எனக்கு மீசை முளைத்திருந்தது. ஆனால் அதற்கு எத்தனையோ வருடம் முன்பே அந்த நீதிமன்ற வசனத்தைப் பள்ளிக்கூடத்து மாமரத்தடியில் மூச்சு விடாமல் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். கோயில் திருவிழா என்றால் ஒலிபெருக்கியில் கதைவசன இசைத்தட்டு ஓடும். வீட்டில் பெத்தாவின் (பாட்டியின்) வெற்றிலைத் தட்டத்துக்குப் பக்கத்தில் ரேடியோ. இலங்கை வானொலி அறிவிப்பாளர் கே.எஸ்.ராஜாவின் 'திரைவிருந்து' தொடங்கினால் பெத்தா பாக்கு வெட்டுவதை நிறுத்திவிடுவா. சிவாஜியின் முகம் எப்படியிருக்கும் என்று தெரியாமலே அவர் அழும்போது அழுதவ அவ.

எங்கள் பக்கத்தில் பலர் படத்தை முதலில் காதால் பார்த்தவர்கள்தான். அதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 'திருவிளையாடல்' வசனத்தைக் கேட்டுக் கேட்டு, தருமி என்பவர் தொந்தியும் தொப்பையுமான ஒரு புலவர் என்றே நினைத்து வைத்திருந்தேன். அவ்வளவு ஆசை, அவ்வளவு புலம்பல்! திரையில் பார்த்தால் ஈர்க்குச்சி போல நாகேஷ் நிற்கிறார். அந்த மண்டபத்தில் தனியே புலம்பும்போது அவருடைய கை ஒரு பக்கம் போகிறது, கால் இன்னொரு பக்கம் போகிறது. பசியில் கிடக்கிற மனிதனின் உடம்பு அது. ரேடியோவில் சிரிப்பு மட்டும்தான் வந்தது, பசி வரவில்லை. 1965 இல் வந்த படம். இன்றைக்கும் அந்த இடம் வந்தால் நான் எழும்பமாட்டேன், தேத்தண்ணி ஆறினாலும் சரி.

'தில்லானா மோகனாம்பாள்' பார்த்த கதையையும் சொல்ல வேண்டும். 1968 படம், எங்களுக்குக் கிடைத்தது பழைய பிரதி. தியேட்டர் பெயர் வேண்டாம். கலரி டிக்கெட், கையில் கச்சான் சுருள். நாதஸ்வரம் வாசித்தது சிவாஜி இல்லை, மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகும் நம்ப மனம் வரவில்லை. கழுத்து நரம்பும் கன்னமும் அப்படி ஒத்துழைக்கின்றன. அன்றைக்கு ஒப்பரேட்டர் ரீலை மாற்றிப் போட்டுவிட்டார். பத்மினி ஆடிக்கொண்டே 'நலந்தானா' என்று கேட்கிறா. சிவாஜி கண் கலங்குகிறார். இவருக்கு என்ன நடந்தது, ஏன் இவ்வளவு உருக்கம் என்று நாங்கள் முழிக்கிறோம். அடுத்த ரீலில்தான் கத்தி வந்து பாய்கிறது! "மறுகா ஒருக்கா நலம் கேளு பிள்ளை!" என்று கலரியில் ஒரு குரல். தியேட்டரே சிரித்தது. இப்போதும் அந்தப் பாட்டு வந்தால் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும், மன்னித்துக்கொள்ளுங்கள்.

சரி, இன்றைய படத்துக்கு வருகிறேன். காதால் படம் பார்த்த இந்த ஊரிலிருந்துதான், பேச்சைக் குறைத்துவிட்டுக் கண்ணைத் திற என்று தமிழ் சினிமாவுக்குச் சொன்ன ஒருவர் போனார். பாலு மகேந்திரா, 1939 இல் அமிர்தகழியில் பிறந்தவர். மாமாங்கத் தீர்த்தத்துக்குப் போகிறோமே, அதே அமிர்தகழிதான். சின்ன வயதில் கித்துல்கலைக்குச் சுற்றுலா போன இடத்தில் ஆங்கிலப் பட இயக்குநர் டேவிட் லீன் படம் பிடிப்பதைக் கண்டிருக்கிறார். "மழை" என்று லீன் சத்தமிட்டதும் மழை பெய்ததாம். அந்த மழையில் நனைந்த பிள்ளை மறுகா வீட்டுக்கு ஒழுங்காகத் திரும்பவில்லை. புனே திரைப்படக் கல்லூரிக்குப் போனார், கமெராவைப் பிடித்தார். மிச்சம் உங்களுக்குத் தெரியும்.

'வீடு' 1988 இல் வந்தது. நான் முதலில் பார்த்தது ஒரு கலியாண வீட்டில். கரண்ட் இல்லாத காலம். வாடகை வீடியோ டெக், மண்ணெண்ணெய் ஜெனரேட்டர், முற்றத்தில் பாய். இரண்டு படம் முடிந்து மூன்றாவதாக இதைப் போட்டார்கள். அரை மணித்தியாலத்தில் பாதிப் பேர் எழும்பிவிட்டார்கள். "பாட்டு இல்லாத படமும் ஒரு படமா?" (1954 இலேயே 'அந்த நாள்' பாட்டில்லாமல் வந்ததை நான் சொன்னேன். யார் கேட்டார்கள்!) என் பக்கத்தில் ஒரு மேசன் மாமா மட்டும் அசையவில்லை. கொந்துராத்துக்காரன் (ஒப்பந்தக்காரன்) சீமெந்தில் கைவைத்தது தெரிந்ததும், "உவனை எனக்குத் தெரியும்" என்று முணுமுணுத்தார். தாத்தாவாக நடித்த சொக்கலிங்க பாகவதர், பாதி கட்டிய வீட்டைப் பார்க்க வருகிற காட்சி வந்தது. வயதான மனிதர், பூசாத சுவரைத் தடவிப் பார்க்கிறார். பேச்சில்லை. மேசன் மாமாவின் கையும் பாயைத் தடவிக்கொண்டிருந்தது. கூரை போன வீடுகள் எங்கள் ஊரில் எத்தனையோ நின்ற நேரம் அது.

தன் தாய் ஒரு வீடு கட்டப் பட்ட பாட்டைப் பிள்ளையாக இருந்து பார்த்ததுதான் இந்தப் படத்துக்கு வித்து என்று பாலு மகேந்திரா சொல்லியிருக்கிறார். படத்தில் வீடு எழும்புவது சென்னையில். அத்திவாரம் இங்கே போட்டது.

தலைவர் மணிக்கூட்டைப் பார்க்கிறார். தம்பி, லைட்டை அணையுங்கள். ஒரேயொரு வேண்டுகோள்: பாகவதர் வருகிற நேரம் ஒருவரும் கச்சான் உடைக்கவேண்டாம்.