ஐந்தாம் நிபந்தனை

நண்பர்களே, வணக்கம்.

ஒரு மென்பொருளின் மூலநிரல், அதாவது அதை உருவாக்க எழுதிய வரிகள், கண்ணில் பட்டாலே அது ஓப்பன் சோர்ஸ் என்று பலரும் நினைக்கிறார்கள். அது போதாது. 1998-இல் தொடங்கிய ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவ் என்ற அமைப்பு இதற்கென்று பத்து நிபந்தனைகளை வகுத்தது. டெபியன் என்ற இயங்குதளத்தை உருவாக்கும் குழுவினர் 1997-இல் தங்களுக்காக எழுதிக்கொண்ட நெறிகள்தான் அவற்றுக்கு அடிப்படை. அவற்றின்படி நிரலைப் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்குக் கொடுக்கலாம், விற்கவும் செய்யலாம். 'வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது' என்று, மென்பொருளை எப்படிப் பயன்படுத்தலாம் எனச் சொல்லும் உரிமத்தில் ஒரு வரி சேர்த்தாலே அது ஓப்பன் சோர்ஸ் ஆகாது.

எனக்கு மிகவும் பிடித்தது ஐந்தாம் நிபந்தனை. எந்த மனிதரிடமும் எந்தக் குழுவிடமும் உரிமம் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது அது. அருமையான விதி. ஆனால் அது உரிமத்தை மட்டுமே கட்டுப்படுத்தும், நம் நடத்தையை அல்ல. நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப் 2017-இல் நடத்திய கருத்தாய்வில் பதிலளித்த பங்களிப்பாளர்களில் பெண்கள் 3 சதவீதம்தான். அவர்களை எந்த உரிமமும் தடுக்கவில்லை. பிறகு எது தடுத்தது?

புதிதாக வரும் ஒருவரின் பக்கம் நின்று பாருங்கள். பல இரவுகள் உட்கார்ந்து ஒரு திருத்தம் எழுதி அனுப்புகிறார். வாரக்கணக்கில் பதில் இல்லை. அப்புறம் வருகிற பதிலோ, 'இதுகூடத் தெரியாதா?' என்ற தொனியில். அவர் சண்டை போடுவதில்லை, புகார் கொடுப்பதில்லை, பேசாமல் போய்விடுகிறார். போனது நமக்குத் தெரிவதுகூட இல்லை. இதைத்தான் நான் பெரிய இழப்பு என்பேன்.

அதே ஆய்வில் 93 சதவீதம் பேர், ஆவணங்கள் அரைகுறையாகவோ பழையதாகவோ இருப்பதைக் குறையாகச் சொன்னார்கள். யாரையாவது கேட்டுத் தெரிந்துகொள்ள வழியுள்ளவர் சமாளித்துக்கொள்வார். யாரையும் தெரியாதவருக்கு ஆவணம் ஒன்றே துணை.

இன்னொன்று, நேரம். சம்பளமில்லாமல் நிரல் எழுத எல்லோருக்கும் ஓய்வு கிடைப்பதில்லை. க்னோம் என்ற ஓப்பன் சோர்ஸ் திட்டத்தில் முளைத்து வளர்ந்த அவுட்ரீச்சி என்ற பயிற்சித் திட்டம், உதவித்தொகை கொடுத்துப் புதியவர்களைப் பயிற்சிக்கு எடுக்கிறது. சரியான வழி என்று நினைக்கிறேன். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலை உருவாக்கும் குழுவும் 2018-இல் நடத்தை விதிகளை ஏற்றது; தன் கடுமையான மின்னஞ்சல்களுக்கு அதைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸே அப்போது மன்னிப்புக் கேட்டார்.

இங்கே, வரும் திருத்தங்களைப் பார்த்து ஏற்கும் பராமரிப்பாளர்கள் பலர் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். முதல்முறை வருபவரின் திருத்தத்தைத் தனியாகக் குறித்து வையுங்கள். ஏற்க முடியாவிட்டாலும் காரணத்தை எழுதுங்கள், அடுத்து என்ன செய்யலாம் என்றும் சொல்லுங்கள்.